குழந்தை வேதசாட்சிகளும் அவர்களைப் பாடியோரும்

உரோமாபுரியின் நொமெந்தானா வீதியில் ஆக்னேஸ் என்னும் சிறுமியின் பெயரால் எழுந்த கோயிலிலே பழைய சலவைக்கல் ஒன்று உண்டு. 366 முதல் 384 வரை பாப்பரசராயிருந்த தாமாசு, இலத்தீன் மொழியில் பத்து அடிச் செய்யுளொன்றை இயற்றி, அழகிய எழுத்துக்களில் அக்கல்லிலே பொறிப்பித்தார். ஆக்னேசைப் பற்றி நமக்கு எட்டியுள்ள செய்யுட்களுள் காலத்தால் முந்தியது இதுவே எனலாம். இச்செய்யுளின் தொடக்கத்தை இலக்கிய மாணவர் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். இது அவளுடைய பெற்றோர் சொன்னதாக ஊரிலே வழங்கும் கேள்விச்செய்தி என்று கூறிக்கொண்டே கவிஞர் கதையைத் தொடங்குகின்றார். தியோக்கிளேசியன் காலத்து வேதகலாபனை 303இல் தொடங்கியது. அதிலே அவள் இறந்தாள் என்பது மரபு. அம்மரபின்படி நோக்கின், ஒரு மனிதரின் ஆயுட்காலத்துக்குள்ளேயே, உரோமத் திருச்சபையின் தலைவரிடம் செவிவழிச் செய்தியன்றி வேறு ஆதாரம் இருக்கவில்லை.

தாமாசுக்கு முன்னர், 354ஆம் ஆண்டுக்குரிய உரோமப் பஞ்சாங்கத் தொகுதியில் வேதசாட்சிகளின் அடக்கநாட் பட்டியல் காணப்படுகின்றது. அதிலே ஆக்னேசின் பெயர், ஜனவரி 21 என்ற நாள், நொமெந்தானா வீதி என்ற இடம் ஆகிய மூன்றுமே உள்ளன. பெயர், நாள், புதைகுழி. இம்மூன்றின் மீதும் எழுந்த இலக்கியமோ பெரிது. தாமாசுவின் கல்லிலே அவளை நெருப்பு அச்சுறுத்துகின்றது. அவள் தன் கூந்தலை அவிழ்த்து உடலை மறைத்துக்கொள்கின்றாள். மிலான் நகர ஆயரான அம்புரோசியார் 377இல் எழுதிய 'கன்னியர் பற்றி' என்னும் நூலிலே அவள் வாளுக்கு இரையாகின்றாள். நூற்றாண்டின் முடிவையொட்டிப் பாடிய ஸ்பானியக் கவிஞர் புரூடென்ஷியஸ் அவளை முதலில் விலைமாதர் விடுதியிலே நிறுத்திப் பின்னரே தலையை வெட்டுவிக்கின்றார். ஒருத்தியின் ஒரு மரணம் மூன்று வகையாகச் சொல்லப்பட்டிருக்கின்றது.

இம்முரண்பாட்டைக் காட்டிவிட்டு, அனைத்தும் கட்டுக்கதை, மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடும் பழக்கம் நம் முற்போக்கு நண்பர் சிலரிடம் உண்டு. அவ்வளவில் விமர்சனம் நிறைவெய்திவிடுமாயின் விமர்சகனுக்கு வேலையில்லை, வரலாற்றாசிரியனே போதும். பதினாறு நூற்றாண்டுகளாகக் கோடிக்கணக்கான எளிய மக்கள் ஒரு சிறுமியின் நினைவுக்கு முன் மண்டியிட்டிருக்கின்றனர் என்றால், அந்நினைவிலே அவர்களுடைய வாழ்வோடு ஒட்டிய ஏதோவொன்று இருந்திருத்தல் வேண்டும். அது யாது, அதனைப் பாடியோர் அதற்கு என்ன செய்தனர் என்பனவே நாம் கேட்கவேண்டிய கேள்விகள்.

ஆக்னேசின் வயது பன்னிரண்டு என்கிறார் அம்புரோசியார். இவ்வயது தற்செயலானதன்று. உரோமச் சட்டத்தின்படி பெண்ணொருத்தி மணமுடித்துக் கொடுக்கப்படுதற்குரிய குறைந்த வயது பன்னிரண்டே. உயர்குடும்பங்களிலே மகள் என்பவள் சொத்தையும் செல்வாக்கையும் ஒரு குடும்பத்திலிருந்து மற்றொரு குடும்பத்துக்குக் கொண்டுசெல்லும் வழியாக இருந்தாள். அரசும் இதிலே தலையிட்டது. அகுஸ்துசு மன்னனின் சட்டங்கள் மணமுடிக்காதோருக்கு வாரிசுரிமையிலே தண்டம் விதித்தன. 320இல் கொன்ஸ்தாந்தீன் நீக்கும்வரை அத்தண்டங்கள் நடைமுறையில் இருந்தன. இத்தகைய சமுதாயத்திலே பன்னிரண்டு வயதுப் பிள்ளையொருத்தி மாப்பிள்ளையைப் பார்த்து 'மாட்டேன்' என்கின்றாள். தெய்வங்களுக்குத் தூபமிட மாட்டேன் என்று அவள் சொன்னதிலும் பார்க்க இந்த 'மாட்டேன்' ஆழமானது. தந்தை, மாப்பிள்ளை, நீதிபதி ஆகிய மூவரது அதிகாரத்தையும் அது ஒருசேர மறுத்துவிடுகின்றது. மக்கள் நெஞ்சில் நிலைத்தது இம்மறுப்பே என்று நான் கருதுகிறேன்.

அம்புரோசியார் இதை நன்கு உணர்ந்திருந்தார். அவர் ஆயராவதற்கு முன் வட இத்தாலியிலே ஆளுநராயிருந்தவர். உயர்குடியினரின் மனத்தை உள்ளிருந்தே அறிந்தவர். சில தாய்மார் தம் பெண்மக்களைத் தம் பிரசங்கம் கேட்க விடுவதில்லை என்று அதே நூலிலே அவர் குறைப்படுகின்றார். உறவினர் மணத்துக்கு நெருக்க, பீடத்தை நோக்கி ஓடிய பிரபுகுலப் பெண்ணொருத்தியின் கதையையும் சொல்கின்றார். ஆகவே ஆக்னேசின் வரலாறு அவருடைய கையில் ஓர் இயக்கத்தின் எடுத்துக்காட்டு ஆகின்றது. நெறியான எழுத்தாளர் என்பதால் அவர் பொருளைக் கெடுத்துவிடவில்லை. அச்சிறிய உடலில் காயம்படுதற்கே இடமிருந்ததோ என்று அவர் வினவுமிடமும், விலங்குகள் அவள் கைகளுக்குப் பெரிதாயிருந்தன என்று குறிப்பிடுமிடமும், ஊசி குத்தினாலே அழும் வயது என்று நினைவூட்டுமிடமும் இலத்தீன் உரைநடையின் உயர்ந்த பகுதிகளுள் வைத்து எண்ணத்தக்கன. பிள்ளையை அவர் பிள்ளையாகவே பார்த்திருக்கின்றார். கொலைஞனின் கை நடுங்கியது என்கின்றார். அவருடைய கையும் சிறிது நடுங்கியிருக்கலாம்.

ஆனால் அதற்கு அடுத்த அடியிலேயே பிள்ளை மறைந்துவிடுகின்றாள். மாப்பிள்ளையை மறுத்தவள், தன்னை முன்னரே தெரிந்துகொண்ட வேறொரு மணவாளனுக்கு உரியவளாகப் பேசுகின்றாள். ஒரு வீட்டுக்குச் செல்ல மறுத்த சிறுமி, மற்றொரு வீட்டின் மணமகள் என்று எழுதப்பட்டாள். அக்காலப் பெண்ணுக்குக் கன்னிமை நேர்ச்சை உண்மையிலே ஒரு வெளிவாசலாயிருந்தது என்பதை நாம் மறுக்கவேண்டியதில்லை. பன்னிரண்டு வயதில் பிள்ளை பெற்று இறப்பதிலும் பார்க்க அது எவ்வளவோ மேல். அன்றைய நிலையில் அதிலே முற்போக்கான அம்சம் இருந்தது. எனினும் மணப்பெண் என்ற சொல்லின் பிடியிலிருந்து அவளை விடுவிக்கத் திருச்சபையின் அறிஞர்களுக்கும் மனம் வரவில்லை.

புரூடென்ஷியஸ் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றார். உருவிய வாளோடு வரும் கொலைஞனைக் கண்டதும், இவனே எனக்குப் பிடித்த காதலன் என்ற பொருள்பட அவருடைய ஆக்னேஸ் பேசுகின்றாள். கவிஞர் பெரும்பதவிகள் வகித்து ஓய்வுபெற்றவர். 405இல் தம் நூற்றொகுதிக்கு முன்னுரை எழுதியபோது ஐம்பத்தேழு வயதினர். அவ்வயதினர் ஒருவர், வாளுக்கு முன் நிற்கும் சிறுமியின் வாயில் இச்சொற்களை வைத்ததை அழகியல் என்றும் மறைபொருள் என்றும் சமாதானம் கூறும் உரைகள் உள. எனக்கு அச்சமாதானங்களில் உடன்பாடில்லை. யாப்பு செப்பமாயிருப்பதனால் மட்டும் ஒரு கவிதை நற்கவிதையாகிவிடாது.

இதே புரூடென்ஷியஸ் யூலாலியாவைப் பாடும்போதோ முற்றிலும் வேறொருவராகத் தோன்றுகின்றார். தம் நாட்டுப் பெண் என்பதனாற் போலும். ஸ்பெயினின் எமெரித்தா நகரிலே, இன்றைய மெரிடாவிலே, பிறந்த இவளுக்கும் வயது பன்னிரண்டு. மகள் ஏதேனும் செய்துவிடுவாளோ என்று அஞ்சிய தாய் அவளை நகருக்கு வெகு தொலைவிலுள்ள நாட்டுப்புற வீட்டிலே அடைத்துவைக்கின்றாள். இரவிலே கதவைத் திறந்துகொண்டு வெளியேறும் சிறுமி, வழியில்லா வழியே முட்கள் காலைக் கிழிக்க நடக்கின்றாள். விடிந்ததும் நீதிமன்றத்தின் நடுவே நிற்கின்றாள். நீதிபதி கொடியவனாகத் தொடங்கவில்லை, நயமாகவே பேசுகின்றான். உன் கலியாணம் என்னாவது, வீட்டார் அழுகின்றார்களே, விரல் நுனியால் சிறிது உப்பையும் தூபத்தையும் தொட்டுவிட்டாற் போதும் என்கின்றான். அதிகாரத்தின் இந்த இனிய குரலை இவ்வளவு துல்லியமாகப் பிடித்த கவிதைகள் பழைய இலக்கியத்திலே சிலவே. பிள்ளைகளிடம் எதையேனும் பெறவேண்டியிருக்கும்போது நாம் பேசுவதும் இக்குரலிலேதான். அவள் மறுமொழியாக ஒரு சொல்லும் கூறாமல் அவன் கண்ணிலே துப்புகின்றாள், விக்கிரகங்களைச் சிதறடிக்கின்றாள், படையலைக் காலால் உதைக்கின்றாள்.

இவ்விடத்திலே சுவையான ஒரு வரலாற்றுச் செய்தியைக் கருத்திற் கொள்ளவேண்டும். நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, அதே ஸ்பெயினில், எல்விரா என்னுமிடத்திற் கூடிய ஆயர் சங்கத்தின் விதிகள் நமக்குக் கிடைத்துள்ளன. அவற்றுள் அறுபதாவது விதி, விக்கிரகத்தை உடைத்து அதன் காரணமாகக் கொல்லப்பட்டவரை வேதசாட்சிகளின் வரிசையிலே சேர்க்கலாகாது என்கின்றது. வம்பை விலைக்கு வாங்கவேண்டாம் என்பதே அன்றைய ஆயர்களின் நிலைப்பாடு. ஏறக்குறைய நூறாண்டு சென்றபின், அரசும் திருச்சபையும் ஒன்றுபட்டுவிட்ட காலத்திலே, விக்கிரகங்களை உதைக்கும் சிறுமி புகழ்ந்து பாடப்படுகின்றாள். ஆபத்து நிலவிய நாளில் தடுக்கப்பட்ட வீரம், ஆபத்து அகன்றபின் அணியாகச் சூடிக்கொள்ளப்பட்டது. வேறு இயக்கங்களின் வரலாற்றிலும் இது நிகழக் கண்டிருக்கின்றோம்.

யூலாலியாவின் உடலைக் கொக்கிகள் கிழிக்கும்போது, அக்காயங்களை அவள் எழுத்துக்களாக எண்ணுகின்றாள். தன்மேல் இறைவனின் பெயர் எழுதப்படுகின்றது என்று மகிழ்கின்றாள். அக்கவிதையில் மிகவும் புகழப்பெற்ற பகுதி இது. எனக்கோ இதுவே அவ்விலக்கியம் முழுவதன் இரகசியத்தையும் தன்னையறியாமல் வெளியிட்டுவிடும் இடமாகப்படுகின்றது. எழுதத் தெரிந்தவர் கவிஞர். எழுதப்படும் ஏடு பிள்ளையின் தோல்.

வேதசாட்சியொருத்தி தானே எழுதினால் எவ்வாறிருக்கும் என்பதற்கும் நமக்குச் சான்று உண்டு. கார்த்தேஜ் நகரில் 203இல் மாண்ட பெர்பேத்துவா சிறுமியல்லள், ஏறத்தாழ இருபத்திரண்டு வயதினள், கைக்குழந்தையின் தாய். சிறையிலிருந்து அவளே எழுதியதாகக் கருதப்படும் குறிப்புக்களில் இறைவனின் பெயரைத் தோலிலே வாசிக்கும் பேச்சேயில்லை. சிறையின் இருட்டும் புழுக்கமும் வருகின்றன. பசியால் வாடும் குழந்தை வருகின்றது. தந்தையை அடித்தபோது தன்னையே அடித்தாற்போல் வருந்தியது வருகின்றது. பிள்ளை பிரிந்தபின் மார்பிலே பால் கட்டாமற் போனது வருகின்றது. உண்மையான சாவை எதிர்நோக்கியவளின் நடை அவ்வளவு எளிமையானது. ஆக்னேசும் யூலாலியாவும் இவ்வாறு எழுதும் வயதை எய்தவில்லை.

யூலாலியாவுக்குப் பிற்காலத்திலே இன்னொரு பெருமையும் வாய்த்தது. பிரெஞ்சு மொழியில் எஞ்சியுள்ள இலக்கியப் படைப்புக்களுள் மிகப் பழையது, ஏறக்குறைய 880ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட, இருபத்தொன்பது அடிகளையுடைய யூலாலியாப் பாட்டே. 813இல் தூர் நகரிற் கூடிய சங்கம், பிரசங்கங்கள் பொதுமக்களின் பேச்சுமொழியில் அமைதல் வேண்டுமென்று விதித்திருந்தது. இலத்தீன் விளங்காத உழவனும் நெசவாளியும் கோயிலிலே நின்று கேட்கத்தக்க பாட்டு என்றவுடன், எழுதியவர் எடுத்துக்கொண்ட பொருள் பொன்னுக்கும் வெள்ளிக்கும் மிரட்டலுக்கும் இணங்காத ஒரு பெண்ணின் கதை! ஒரு மக்கள்மொழியின் இலக்கியம் இவ்வாறு தொடங்கியதிலே பொருத்தமுண்டு. ஆனால் அப்பாட்டிலே அவள் இரவில் வீட்டைவிட்டு ஓடுவதில்லை. நீதிபதியின் கண்ணில் துப்புவதுமில்லை. பாவமற்றவள் ஆதலால் நெருப்புச் சுடவில்லை, வாளுக்கு அவள் தடைசொல்லவுமில்லை, புறாவாகப் பறந்துவிடுகின்றாள். பொதுமக்களிடம் வந்துசேர்ந்தபோது துணிச்சல் குறைந்து அடக்கம் கூடியிருக்கின்றது. மடத்துத் துறவிகள் எதனை வைத்துக்கொண்டு எதனைக் கொடுத்தனர் என்பதை ஆராய விரும்பும் மாணவர் இரு பாடல்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பாராக.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பிலோமினாவின் கதை. இப்பெயர் நமது கத்தோலிக்கக் குடும்பங்களில் எத்தனையோ பாட்டிமாருக்கு உண்டு. 1802இல் உரோமையின் பிரிசில்லா நிலக்கீழ்க் கல்லறைகளிலே, மூன்று சுட்ட ஓடுகளால் மூடப்பட்ட ஒரு குழியில், பதின்பருவப் பெண்ணொருத்தியின் எலும்புகள் கண்டெடுக்கப்பட்டன. ஓடுகளை அவை இருந்தவாறே வாசித்தால் பொருள் தரவில்லை. இடம் மாற்றி அடுக்கினால் 'பிலுமேனா, உனக்குச் சமாதானம்' என்று வந்தது. 1805இல் எலும்புகள் நேப்பிள்சுக்கு அண்மையிலுள்ள முன்யானோவுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அற்புதங்கள் நிகழ்ந்ததாகச் செய்தி பரவிற்று. ஆனால் வரலாறு ஒன்று இல்லையே! 1833இல் நேப்பிள்சைச் சேர்ந்த கன்னியாஸ்திரி ஒருவர் காட்சியிலே தமக்கு வெளிப்படுத்தப்பட்டதாக அதனையும் கூறினார். அதன்படி அவள் கிரேக்க இளவரசி, தியோக்கிளேசியன் அவளை மணக்க விரும்பினான், அவள் மறுத்தாள், கொல்லப்பட்டாள். எலும்பின் வயதைத் தவிர வேறொன்றுமே தெரியாதபோதும் கதை அதே அச்சிலே வார்க்கப்பட்டதைக் காண்க. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தொல்லியலறிஞர் ஒறாசியோ மறூக்கி, அவ்வோடுகள் பழைய கல்லறையொன்றிலிருந்து எடுத்து மீண்டும் பயன்படுத்தப்பட்டவை, ஆகவே எலும்புகள் பெயருக்குரியவளின் எலும்புகளல்ல என்று வாதிட்டார். 1961இல் உரோமைச் சடங்குப் பேராயம் அவளுடைய திருநாளை எல்லாப் பஞ்சாங்கங்களிலுமிருந்து நீக்குமாறு பணித்தது. பெயரிட்டு அழைத்து வந்த மக்கள் அதனால் அழைப்பதை நிறுத்திவிடவில்லை. அவர்களைக் கண்டு நகைப்பவர், ஓட்டுக்குக் கீழே மெய்யாகவே ஒரு பிள்ளையின் எலும்பு இருந்தது என்பதை மறத்தலாகாது. யாருடைய பிள்ளை, எந்த நோயினால் மாண்டது என்று எவரும் விசாரிக்கவில்லை. பெயரின்றிக் கிடந்த பிள்ளைக்குப் பெயர் கொடுத்தவர்கள் அவள் யாராயிருந்தாள் என்பதை மூடிவிட்டனர்.

சமயத்தவரைக் குறைகூறும் உரிமை நமக்கு உண்டா என்றும் நாம் கேட்டுக்கொள்ளவேண்டும். 1932 செப்ரெம்பரில் ஊரல் பகுதியின் கெறாசிமொவ்கா கிராமத்துக் காட்டிலே பவ்லிக் மொறோசொவ் என்னும் பதின்மூன்று வயதுச் சிறுவனும் அவனுடைய தம்பியும் கொலையுண்டு கிடந்தனர். தந்தையை அதிகாரிகளுக்குக் காட்டிக்கொடுத்த வீரன் என்று சோவியத் நாடு அவனைக் கொண்டாடிற்று. 1948இல் மொஸ்கோவிலே சிலை எழுந்தது. 1991இல் அது அகற்றப்பட்டது. நீதிமன்றத்திலே அவன் ஆற்றியதாகச் சொல்லப்பட்ட உரை நூலுக்கு நூல் வேறுபட்டது. 2005இல் வெளிவந்த கற்றியோனா கெலியின் ஆய்வு, ஆவணங்களுக்கும் புராணத்துக்கும் இடையிலிருந்த தொலைவை விரிவாகக் காட்டிற்று. தாமாசுவின் கல்லெழுத்தாவது 'கேள்வி' என்று தொடங்கும் நேர்மையைக் கொண்டிருந்தது. அவனைப் பற்றிப் பாடிய நமது தோழர்கள் அந்த அளவுக்கும் போகவில்லை. போரிலே மாண்ட பதினைந்து, பதினாறு வயதினரின் படங்களுக்கு மாலை சூட்டப்பட்ட ஆண்டுகளை நமது நாடும் அறியும். அப்படங்களின் கீழும் பெரியவர்கள் எழுதிய சொற்களே இருந்தன.

இவ்விலக்கியத்திலே சொற்களை வாயில் வைக்கவே முடியாத பிள்ளைகளும் உளர். பெத்லகேமிலே ஏரோது கொல்வித்ததாக மத்தேயுவின் சுவிசேஷம் கூறும் இரண்டு வயதுக்குட்பட்ட ஆண்குழந்தைகளையே குறிப்பிடுகிறேன். 'மாசில்லாக் குழந்தைகள்' என்று டிசம்பர் 28இல் மேலைத் திருச்சபை அவர்களை வேதசாட்சிகளாக நினைவுகூர்கின்றது. மத்தேயு தவிர வேறெவரும் இதனைச் சொல்லவில்லை. ஏரோது தன் சொந்தப் புதல்வர்களையே கொல்வித்ததை விரிவாக எழுதிய யோசேப்புசும் இது குறித்து யாதும் கூறவில்லை. அக்குழந்தைகள் மணம் மறுக்கவில்லை, தூபம் மறுக்கவில்லை, எவருக்காகச் சாகின்றோம் என்றும் அறியார். புரூடென்ஷியஸ் அவர்களைப் புயலிலே உதிர்ந்த ரோசா மொட்டுக்கள் என்றும், பீடத்தின் முன்னே தம் முடிகளை வைத்து விளையாடுபவர்கள் என்றும் பாடினார். இனிய உவமைகள்தாம். மொட்டுக்கு இரத்தமில்லை என்பதும் அவ்வுவமையின் வசதி.

இங்கிலாந்தின் கொவென்றி நகரிலே தையற்காரரும் கம்பளி கத்தரிப்போரும் சேர்ந்த கைவினைஞர் குழாம் இதே கதையைத் தெருவிலே நாடகமாக ஆடிற்று. 1534இல் எழுதப்பட்ட அதன் ஏடு 1879இல் பேர்மிங்ஹாம் நூலகம் எரிந்தபோது அழிந்தது. 1825இலேயே அச்சிடப்பட்டிருந்ததனால் பாடம் பிழைத்தது. அங்கே மொட்டுக்கள் இல்லை. பெத்லகேமின் தாய்மார் குழந்தைகளைத் தாலாட்டிக்கொண்டே வருகின்றனர். அழுதால் ஏரோதின் வீரருக்குக் கேட்டுவிடும் என்று அஞ்சி அடங்கிய குரலிலே பாடும் தாலாட்டு அது. வீரர் வந்ததும் ஒருத்தி அகப்பையை ஓங்கிக்கொண்டு சண்டைக்குப் போகின்றாள். குதிரைமேல் எவ்வளவு உயர இருந்தாலும் மண்டையைக் கலக்கிவிடுவேன் என்கின்றாள். பாப்பரசரும் ஆயரும் முன்னாள் ஆளுநரும் காணாத ஒன்றைத் தையற்காரர் கண்டனர். பேசமுடியாத பிள்ளைக்குப் பேச்சைக் கொடுக்காமல், பேசக்கூடியவளைப் பேசவிட்டிருக்கின்றனர்.

நெதர்லாந்துப் பகுதியின் ஓவியர் பீற்றர் புறூகெலும் அவர்களுடைய பக்கத்தவரே. 1560களின் நடுப்பகுதியையொட்டி அவர் தீட்டிய படத்திலே பெத்லகேம் பனிமூடிய பிளெமிஷ் கிராமமாயிருக்கின்றது; கொல்பவர் அக்காலத்துப் படைவீரராயிருக்கின்றனர்; கதவுகள் உடைக்கப்படுகின்றன; கிராமத்தவர் கையேந்தி இரக்கின்றனர். ஸ்பானிய ஆட்சியின் கீழிருந்த மக்கள் அதனைப் பார்த்தபோது எந்த ஏரோதை நினைத்திருப்பர் என்று விளக்கவேண்டியதில்லை. பின்னர் அப்படம் இரண்டாம் றூடோல்ப் பேரரசனின் சேகரத்தை அடைந்தது. குழந்தைகள் அனைவரையும் மறைத்து மேலே வேறு பொருள்களைத் தீட்டுவித்தனர். இன்று ஆங்கில அரச சேகரத்திலே உள்ள அப்படத்தில், வீரர் ஈட்டியால் குத்துவது கோழி, வாத்து முதலியவற்றை. கைகளில் இருப்பவை மூட்டைகள். ஓவியரின் மகன் தீட்டிய படிகளிலிருந்துதான் முன்பு அங்கே என்ன இருந்தது என்பதை அறிகின்றோம். முகங்களை மட்டும் மாற்ற மறந்துவிட்டனர். நடுவே பனியில் அமர்ந்திருக்கும் பெண்ணின் மடியிலே பன்றித்தொடைகளும் பாற்கட்டிகளும் உள்ளன. அவள் அவற்றைப் பார்த்து அழுதுகொண்டிருக்கின்றாள்.